பானைக்குள் பேஸ்

"எனக்குத் தொண்டை போச்சுளா. இனி ஒத்திகைக்கு வரலன்னு மாஸ்டர்ட்ட நீயே சொல்லிரு" என்றார் என் வீட்டுக்காரர் பொன்னுதுரை.

புதுத் துறைமுகத்தில் கப்பல்களைப் பிணைக்கும் வடம் பார்க்கிற வேலை இவருக்கு. ஆனால் உயிர் முழுக்க எங்கள் சபைப் பாடகர் குழுவில்தான். கீழ்க்குரலான 'பேஸ்' பாட அங்கே இவரை விட்டால் ஆள் கிடையாது. சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கான பாட்டை ஒத்திகையில் கேசட்டில் பிடித்தார்கள். கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி ஜீவமணி கொடுத்த ஸ்டீரியோவில் அதைப் போட்டுக் கேட்டோம். பெண்கள் குரல் கணீரென்று வந்தது. இவர் குரல் பக்கத்து வீட்டில் யாரோ முனகுவதுபோல இருந்தது. அன்றிலிருந்து மனுஷன் குளிக்கும்போதுகூடப் பாடவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

முத்தையாபுரத்தில் ரேடியோ கடை வைத்திருக்கும் ஞானையா அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

"கொரல்ல ஒரு கொறையும் இல்ல தாயி. அந்தப் பெட்டி சின்னது, கீழ்ச்சத்தம் அதுல நிக்காது" என்றார்.

பெரிய ஸ்பீக்கர் ஒன்றை மண்பானை வாயில் பொருத்திக் கொடுத்தார். அதிலிருந்து வந்த இரண்டு வயரும் கறுப்பு. ஒன்றில் மட்டும் முடிச்சுப் போட்டார்.

"முடிச்சு உள்ளத ஸ்டீரியோவுக்குப் பின்னால சிவப்பு முனையில மாட்டணும். மாத்தி மாட்டினா பெட்டி காத்தத் தள்ளும்போது பானை இழுக்கும். இருக்க சத்தமும் போயிரும்."

பானையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் பதநீரா என்று கேட்டான். உன் தலை என்றேன்.

வீட்டில் பானையை மூலையில் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அவரே மாட்டி முடித்திருந்தார். பாட்டைப் போட்டார். அடப் பாவமே, இருந்த முனகலும் இல்லை.

"கேட்டியாளா? நாந்தான் சொன்னேம்லா."

படக்கென்று நிறுத்தினார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அண்ணாச்சியை நாலு கேள்வி கேட்பதென்று பானையைத் தூக்கக் குனிந்தேன். வயரில் முடிச்சைக் காணோம்.

"அத்தான், இதுல கெடந்த முடிச்சு எங்க?"

"அவுத்துட்டேன். முடிச்சோட விடலாமா?"

வடத்தில் சிக்கு விழுந்தால் ஆளையே அடித்துவிடும் என்பது இவர் துறைமுகத்தில் படித்த பாடம். வீட்டுக் கொடிக்கயிற்றைக்கூட விட்டுவைக்க மாட்டார்.

"நல்ல காரியம் பண்ணீய. உங்க கொரல நீங்களே அமுக்கிட்டு, தொண்ட போச்சாம் தொண்ட."

இரண்டு வயரையும் பிடுங்கி, இடம் மாற்றி மாட்டினேன். பாட்டு தொடங்கியது. பானைக்குள்ளிருந்து அவர் குரல் எழுந்தது. அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் அதிர்ந்தன.

அவர் பானைமேல் கை வைத்தார். "நாந்தானா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா?"

கடைசிவரை கேட்டார். மறுபடி ஓட்டிக் கேட்டார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"ரெண்டாவது சரணத்துல இழுத்துட்டேன்ளா. இதச் சரி பண்ணணும்."

செருப்பைத் தேடினார். ஒத்திகைக்கு நேரமாகிவிட்டதாம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, ஸ்டீரியோவுக்குப் பின்னால் குனிந்து, சிவப்பு முனை வயரில் ஒரு முடிச்சுப் போட்டார். கப்பலே இழுத்தாலும் அவிழாது.