குரலுக்கு நடக்கும் குதிரைகள்

தேர்வாளர் லியோகாடியா தனக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்காரவில்லை. போர்ச்சுகலிலிருந்து வருகிறவர் என்று பார்வையாளர் மாடத்தில் மேஜை போட்டு, பூவேலை செய்த விரிப்பு விரித்து, காபியும் சூடான பொகாச்சா ரொட்டிகளும் வைத்திருந்தார்கள். அவர் ஒரு ரொட்டியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்து, தீவன வாளி ஒன்றைக் கவிழ்த்து, சவாரிக் கூடத்தின் சுவரோரம் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் சவாரி செய்கிறவர்களின் முகம் தெரியாது. பூட்ஸும் குதிரையின் வயிறும்தான் தெரியும். மொழிபெயர்க்க வந்திருந்த எமோகே ஓடிப்போய் அவர் காதருகே குனிந்தாள். அவர் தலையாட்டி, அவளையும் ஒரு வாளியில் உட்காரச் சொல்லிவிட்டார். பேச்சை யாரும் தனக்கு மாற்றிச் சொல்லவேண்டாமாம். பார்த்தாலே போதுமாம்.

பிரோஷ்கா கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். அவளைச் சுற்றி நான்கு குதிரைகளில் நான்கு பேர் வட்டமடித்தார்கள். நான்கும் அந்தச் சவாரிப் பள்ளியின் குதிரைகள், நான்கு பேரும் அந்த ஊர்க்காரர்கள். அவள் 'நட' என்றால் நடந்தார்கள். 'ஓட்டம்' என்று இழுத்துச் சொன்னால் சிற்றோட்டம் பிடித்தார்கள். 'ஹோ' என்று அவள் தணிந்த குரலில் சொன்னதும் நான்கு குதிரைகளும் ஆணியடித்தது போல நின்றன. எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரிப் பாடம் ஓடியது. இதைவிட நல்ல பாடத்தைத் தன்னால் நடத்த முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இந்தத் தேர்வில் தேறினால் கிடைப்பது ஐரோப்பாவின் எந்தச் சவாரிப் பள்ளியிலும் செல்லுகிற ஆசிரியர் சான்றிதழ். அது இல்லாமலே பிரோஷ்கா பல வருடமாக இங்கே, ஹங்கேரியின் திசா ஆற்றங்கரையில், பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இங்கே யாரும் கேட்பதில்லை. ஆஸ்திரியாவில் கேட்கிறார்கள். அவள் கணவன் வின்ட்ஸே கிராட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் மர அறுவை ஆலையில் வேலை செய்கிறான். மாதத்துக்கு ஒருமுறை வருவான். வந்த அன்று தூங்குவான், மறுநாள் ஒழுகும் குழாயைச் சரிசெய்வான், அதற்கு மறுநாள் கிளம்பிவிடுவான். ஆலைக்கு நடக்கிற தூரத்திலேயே இருக்கும் சவாரிப் பள்ளியில் பிரோஷ்காவுக்கு இடம் வைத்திருந்தார்கள், வசந்தம் வரைக்கும். சான்றிதழோடு வரட்டும் என்று சொல்லியிருந்தார்கள். வின்ட்ஸே வீடுகூடப் பார்த்துவிட்டான். மகள் மற்ற எல்லாப் பாடத்தையும் விட்டுவிட்டு ஜெர்மன் மட்டும் படித்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு அவளுடைய பள்ளியிலேயே நடக்கப்போகிறது என்று தெரிந்தபோது எல்லோரும் அதிர்ஷ்டம் என்றார்கள். சொந்தக் களம், சொந்தக் குதிரைகள். டெப்ரட்சனிலிருந்து வந்திருந்த இன்னொரு தேர்வர் பெந்தெகூஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவளுக்கு முன்னால் அவன் பாடம் எடுத்தான். அவன் என்ன சொல்லியும் போட்ஸா என்கிற வயதான பழுப்புக் குதிரை மூலையில் போய் நின்று சாவகாசமாகச் சாணம் போட்டது. மேலே இருந்த, நான்கு மாணவர்களில் ஒருவரான திஹமேர் காலால் உதைத்து உதைத்து மூச்சு வாங்கினார். பாடம் முடிகிற சமயத்தில் போட்ஸா மனமிரங்கி அரை வட்டம் நடந்தது, அவ்வளவுதான். பெந்தெகூஸ் சட்டை முதுகில் ஒட்ட வெளியே வந்தான். பாவம் பையன் என்று பிரோஷ்கா நினைத்தாள். உள்ளே கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

அவள் பாடம் முடிந்ததும் லியோகாடியா எழுந்து, பின்பக்கத்து உமியைத் தட்டிவிட்டுக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்தார். குட்டையான உருவம், வெயிலில் முற்றிய முகம். பிரோஷ்காவின் தோளில் கைவைத்து, உதட்டின்மேல் விரல் வைத்துக் காட்டினார். பிறகு திஹமேரைப் பார்த்துக் கையால் ஓட்டம் என்று சைகை செய்தார்.

திஹமேர் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார். போட்ஸாவும் காத்திருந்தது.

"சொல்லும்மா," என்றார் திஹமேர்.

பிரோஷ்கா வாயைத் திறக்கவில்லை. குதிரைகள் நான்கும் அவள் பக்கம் காதைத் திருப்பியிருந்தன. அதை அவள் அப்போதுதான் பார்த்தாள். லியோகாடியா சற்று நேரம் அப்படியே விட்டார். பிறகு ஹங்கேரிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாத அந்தப் பெண்மணி, காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு சொல்லை, பிரோஷ்காவின் குரலிலேயே, அவள் இழுக்கும் இழுப்போடு சொன்னார். "ஓட்டம்."

நான்கு குதிரைகளும் கிளம்பிவிட்டன. மேலே இருந்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. பல் டாக்டர் வீட்டுப் பெண் பிடரிமயிரைப் பற்றிக்கொண்டாள். ஒருவரின் கால் அங்கவடியிலிருந்து நழுவியது. திஹமேர் சேணத்தில் மூட்டை போலக் குலுங்கி, "ஐயோ, யாரு ஓட்டுறது இத?" என்றார். லியோகாடியா 'ஹோ' என்றதும் நின்றன. அவர் எமோகேயிடம் திரும்பிச் சுருக்கமாக ஏதோ சொன்னார். எமோகே பிரோஷ்காவின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னாள்.

"குதிரைகளுக்கு ரொம்ப நல்லா சொல்லிக்கொடுத்திருக்கீங்களாம். இவங்களுக்கு எப்போ ஆரம்பிக்கப் போறீங்கன்னு கேக்கறாங்க."

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு மாணவர், வெளிக்களத்தில். பிரோஷ்கா எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் குதிரைக்குத் தெரிந்த எந்தச் சொல்லையும் சொல்லக் கூடாது. சொன்னால் தேர்வு அதோடு முடிந்தது. மாணவர் யாரென்று லியோகாடியாவே விரல் நீட்டிக் காட்டினார். திஹமேர்.

சமையலறை மேஜையில் எல்லோரும் குலாஷ் சாப்பிட்டார்கள். பள்ளியின் உரிமையாளர் பர்னபாஷ் அவளுக்கு மட்டும் கறியாகப் பார்த்து அகப்பையில் அள்ளி ஊற்றினார். அவள் போய்விட்டால் பள்ளியை யார் நடத்துவது என்கிற கவலை அவருக்கு உண்டு. அவள் தோற்றுப்போகவும் அவருக்கு மனசில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிண்டல்தான் செய்ய முடிந்தது.

"ஒரு மணி நேரம் குதிரைகிட்ட பேசாம இருக்கணுமா, நீயா?" என்றார். "வின்ட்ஸேக்கு ஃபோன் பண்ணிச் சொல்லு. வேலைய விட்டுட்டுப் பாக்க வந்துருவான்."

பெந்தெகூஸ் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்தான். திஹமேர் மட்டும் நிமிரவே இல்லை. ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் அவர். சவாரி கற்றுக்கொண்டதை மதுக்கடையில் சொல்லாத நாள் கிடையாது. வரப்போகிற திராட்சை அறுவடை ஊர்வலத்தில் குதிரைமேல் வருவதாகப் பெயரும் கொடுத்திருந்தார்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டுனேன்," என்றார் கடைசியாகக் கரண்டியை வைத்துவிட்டு. "இப்போ அதுவே சந்தேகமா இருக்கு. பின்சீட்ல உக்காந்து நீதான் ஓட்டுனியா, பிரோஷ்கா?"

அவள் தட்டில் மிளகாய்ச் சிவப்பில் மிதந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாடத்தில் யாரும் விழுந்ததில்லை. இந்த வட்டாரத்தில் வேறு எந்தப் பள்ளியும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. அவளிடம் கற்றுக்கொண்டு வேறு ஊர் போனவர்கள் முதல் வாரமே விழுந்து கையை முறித்துக்கொண்டதாகச் செய்தி வரும். அந்த ஊர்ப் பள்ளிகளில் குதிரை சரியில்லை, ஆசிரியர் சரியில்லை என்று அவள் உச்சுக்கொட்டுவாள். நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். யாராவது சேணத்தில் தடுமாறினால் அவர்கள் கால் அசைவதற்குள் அவள் குரல் முந்திக்கொள்ளும். அதைத் திறமை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இவர்கள் எல்லோரும் பத்திரமாகச் சுற்றிவந்தது அவள் தொண்டைக்குள்தான் போலிருக்கிறது. கிராட்ஸில் இருக்கும் குதிரைகள் ஜெர்மன் கேட்டு வளர்ந்தவை. அங்கே போய் நடுவில் நின்றால் அவள் யார்?

வெளிக்களத்துக்கு மூன்று பக்கம் மரவேலி. நான்காவது பக்கத்தில் கயிறு மட்டும் கட்டியிருந்தார்கள். அதுவும் நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அதற்கு அப்பால் மக்காச்சோளம் அறுத்த வயல், அதற்கும் அப்பால் ஓக் மரங்கள். லியோகாடியா தன் வாளியைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

திஹமேர் ஏறி உட்கார்ந்தார். பிரோஷ்கா பேசத் தொடங்கினாள், நிறுத்திக்கொண்டாள். அவளிடம் இருந்த சொற்கள் எல்லாமே போட்ஸாவுக்குத் தெரிந்தவை. இந்த மனிதருக்கென்று தனியாக ஒரு சொல்லும் இதுவரை அவள் சேர்த்துவைக்கவில்லை.  பிறகு கிட்டே போய் அவருடைய பூட்ஸை இரண்டு கையாலும் பிடித்து, கெண்டைக்காலைக் குதிரையின் வயிற்றோடு மெல்ல அழுத்தி, உடனே விட்டாள்.

"காலையில அந்தப் பையன்கிட்ட ஒதச்சீங்களே, அது சண்டை. இது கேக்கறது. கேட்டுட்டு விட்டுரணும். பதில் வர்ற வரைக்கும் அமுக்கிட்டே இருந்தா அது கடன்காரன் கதவத் தட்டுற மாதிரி."

"பதில் வரலேன்னா?"

"மறுபடி கேளுங்க."

அவர் கேட்டார். போட்ஸா பிரோஷ்காவைத் திரும்பிப் பார்த்தது. மறுபடி கேட்டார். அது தன் ஈரமான பெரிய கண்ணால் அவளையே பார்த்தது, நீ ஒன்றும் சொல்லவில்லையே என்பது போல. பிரோஷ்கா அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். எதிரே வேலியில் பர்னபாஷும் பெந்தெகூஸும் சாய்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பின்னால் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நெடுநேரம் அந்த முகங்களில் ஒன்றும் இல்லை. பின்னால் சேணத்தின் தோல் கிரீச்சிட்டது, திஹமேர் முணுமுணுத்தார், மறுபடி தோல் கிரீச்சிட்டது. பிறகு பெந்தெகூஸின் புருவம் மெல்ல உயர்ந்தது. மண்ணில் குளம்பு விழுகிற சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, தொடர்ச்சியாக.

திரும்பிப் பார்த்தாள். போட்ஸா நடந்துகொண்டிருந்தது. அதன் காதுகள் அவள் பக்கம் இல்லை. திஹமேரின் முகம் முதல்முறை பேருந்துச் சாவியை வாங்கியவன் முகம் மாதிரி இருந்தது.

"நான்தான்," என்றார். "பிரோஷ்கா, இது நான்தான்."

"நீங்கதான் மாமா. இன்னொரு தடவ கேளுங்க, இன்னும் கொஞ்சம் வேணும்னு."

அவர் கேட்டார். போட்ஸா சிற்றோட்டத்தில் இறங்கியது. அவர் குலுங்கினார், சமாளித்தார், எழுந்து உட்காரும் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு சுற்று வந்தார். இரண்டாவது சுற்றில் சந்தோஷத்தில் திருப்ப மறந்துவிட்டார். மூலையில் யாரும் எதுவும் கேட்காததால் போட்ஸா நேராகவே போயிற்று. தொய்ந்து கிடந்த கயிற்றைத் தாண்டி, வாய்க்கால் மேட்டில் ஏறி இறங்கி, அறுத்த வயலுக்குள் ஓடியது.

"பிரோஷ்கா!" என்று அங்கிருந்து குரல் வந்தது. "சொல்லு! அதச் சொல்லு!"

ஒரே ஒரு சொல். அது அவள் நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. சொன்னால் போட்ஸா அந்த இடத்திலேயே நிற்கும். திஹமேர் பத்திரமாக இறங்குவார், அவளுடைய பாடத்தில் யாரும் விழாத கணக்கு அப்படியே இருக்கும்.

"சொல்லித் தொலையேம்மா," என்றார் பர்னபாஷ், வேலியின்மேல் ஒரு காலைப் போட்டபடி. "மனுஷன் மண்டைய ஒடச்சுக்கப் போறார்."

லியோகாடியா வாளியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் வயலைப் பார்க்கவில்லை. பிரோஷ்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலிருந்து எது சரி என்று தெரிந்துகொள்ள முடியவில்லை. பிரோஷ்காவும் அதிகம் முயலவில்லை. அவள் திஹமேரின் முதுகைப் பார்த்தாள். முதுகு நேராக இருந்தது. குதிகால் இறங்கியிருந்தது. மழை பெய்து ஊறிய மண். போட்ஸா கிழவி, இந்த வேகத்துக்கு மேல் அதற்கு வேகம் கிடையாது. பயம் அந்த மனிதருடைய குரலில் மட்டும்தான் இருந்தது, உடம்பில் இல்லை. அவள் கயிறு வரைக்கும் ஓடினாள். கையை வாய்க்குக் குவித்து, சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி சாதாரணமாகக் கத்தினாள்.

"மாமா, மூச்ச விடுங்க! வெயிட்டப் போட்டு உக்காருங்க! ஸ்டாப் வருது, பிரேக்க மெதுவாப் போடுங்க!"

அவருக்குக் கேட்டதோ இல்லையோ. காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. குதிரையும் ஆளும் சிறுத்துக்கொண்டே போனார்கள். ஓக் மரங்களுக்குக் கொஞ்சம் முன்னால் ஓட்டம் நடையாகத் தளர்ந்தது. நடை நின்றது.

வேலியோரத்தில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். அவர் நிறுத்தினாரா, அதுவாக நின்றதா, இவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியாது. பர்னபாஷ்தான் முதலில் வாயைத் திறந்தார். அந்த இடத்தில் அறுத்த தாள்களுக்கு நடுவே பச்சைப் புல் முளைத்திருக்கிறது, மேய்வதற்கு நின்றிருந்தால் இந்நேரம் தலை கீழே போயிருக்கும் என்றார், யாரிடமும் இல்லாமல். எமோகே அதைக் குனிந்து போர்ச்சுகீசியத்தில் சொன்னாள். இந்த முறை லியோகாடியா அவளைத் தடுக்கவில்லை. கண்ணுக்குமேல் கையை வைத்து வயலை நோக்கித் திரும்பினார்.

பிரோஷ்கா கயிற்றை மிதித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓக் மரங்களின் இலையெல்லாம் ஒரு பக்கமாகப் புரண்டன. போட்ஸாவின் வால் காற்றில் பறந்து அடங்கியது. கழுத்து புல் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது, புல்லை எட்டாமல் தாழ்ந்த இடத்திலேயே நின்றது. அதன்மேல் திஹமேர் சிறிய கறுப்புக் கோடாக, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.