பேயின் முழுப்பெயர்

மூன்று மாதம் என்னைப் ‘பேய்’ என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, “தங்கச்சி, படம் காட்டுற வண்டி இங்கதானே?” என்றார். எனக்கு வயிறு எரிந்தது. பல்லை மட்டும் காட்டி, “இங்கதான் அண்ணே, உள்ள வாங்க” என்றேன். நடிப்பு இல்லாதபோது வண்டியில் போய்த் திரை கட்டிப் படம் காட்டுவதுதான் என் பிழைப்பு.

அவர் இயக்குநர் வொரபோட். என்னை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர் பார்த்ததெல்லாம் ரப்பர் தோலும் வெள்ளைக் கண்ணும் இடுப்பு வரை தொங்கும் சவுரியும்தான். “பேய் வந்தாச்சா? பேய் சாப்பிட்டாச்சா? பேயைக் கூரையில ஏத்துங்கப்பா!” இவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை.

கதை தெரிந்த கதைதான். பள்ளிக்கூடக் கழிவறையில் ஒரு பெண்ணைக் கூடப் படிக்கிறவர்கள் விளையாட்டாகப் பூட்டிவைக்கிறார்கள். அவள் செத்துப்போகிறாள். அப்புறம் திரும்பி வந்து ஒவ்வொருத்தராகத் தீர்த்துக்கட்டுகிறாள். தாய்லாந்தில் இந்த மாதிரிப் படம் மழைக்கால ஈசல் மாதிரி வரும். உயிரோடு இருக்கும் வரை அந்தப் பெண் பிம்லதா. செத்த பிறகு நான். சீருடையில் சிரித்து போஸ்டரில் நின்றவள் அவள். தலைகீழாகத் தொங்கிக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டவள் நான்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஆனால் விளம்பரத்துக்காக ஒரு புரளியைக் கிளப்பிவிட்டார்கள்: பேயாக நடித்தது யாரென்று படக்குழுவுக்கே தெரியாதாம், அது நிஜப் பேயாக இருக்கலாமாம்! அந்தக் கூத்துக்காக என் பெயரையே தூக்கிவிட்டார்கள். கடைசியில் ஓடும் பெயர் வரிசையில் சோறு பரிமாறினவர் இருந்தார், ஜெனரேட்டர்க்காரர் வளர்த்த நாய்க்கு நன்றி இருந்தது, பேய்க்கு நேரே ஒரு கோடு இருந்தது. வெறும் கோடு! என் அம்மா கறிக்கடையில் மகளைப் பற்றிப் பெருமை பேசப்போய் மூக்கறுபட்டுத் திரும்பினாள். “நீ நெஜமா நடிச்சியாடி, இல்ல எங்கிட்டயே புளுகுறியா?” என்று கேட்டாள். அன்றைக்கு நான் அழுதேன்.

ஆக, எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஊரறிய என் பெயர்.

வொரபோட் தலையைச் சொறிந்துகொண்டு விஷயத்துக்கு வந்தார். “ஒரு நேர்த்திக்கடன் தங்கச்சி. இந்த ஊர்ல படம் எடுத்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால தக்கியன் மரம் இருக்குல்ல? அதுல குடியிருக்கிற அம்மாவுக்குப் படம் போட்டுக் காட்டுறேன்னு வேண்டிக்கிட்டேன். அப்படியே விட்டுப்போச்சு.”

தெரியாதா எனக்கு? படப்பிடிப்பின் முதல் நாள் அந்த மரத்தடியில் அவர் ஊதுபத்தியைத் தூக்கிப் பிடித்து உரக்கச் சொன்னார்: “அம்மா, படம் ஓடிச்சுன்னா உங்க முன்னாடி திரை கட்டி முழுசாக் காட்டுறேன். உழைச்சவங்க ஒருத்தர் பேர் விடாம உங்க கண்ணு முன்னாடி ஓடும்!” அவருக்குப் பின்னால் முழு ரப்பரில் நானும் ஒரு ஊதுபத்தியோடு நின்றேன். அவர் வேண்டும்போது சும்மா நிற்பானேன் என்று நானும் முணுமுணுத்தேன்: “அம்மா, என் பேர ஊரறியச் சொல்ல வைங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் இந்தப் பேய் வேஷத்தப் போட மாட்டேன், சத்தியம்.” ரப்பருக்குள் அரிப்புத் தாங்காமல் நின்றவள் வேறென்னத்தை வேண்டிக்கொள்வாள்?

அவருக்கு இப்போது திடீர் பக்தி வந்த காரணமும் வெளியே வந்தது. இரண்டாம் பாகத்துக்குப் பணம் போடப்போகிறவர் ஜே சியூ. எங்கள் ஊர் நகைக்கடைக்காரி; ஊருக்கே ‘ஜே’, அதாவது அக்கா. கடவுள், பேய், வருமான வரி மூன்றுக்கும் சமமாகப் பயப்படுகிறவர். “கடன முடிக்காதவன் படத்துக்கு என் காசு கெடையாது. நானே வந்து உக்காந்து பாப்பேன். படம் நடுவுல நிக்காம ஓடணும். நின்னுச்சுன்னா அம்மா ஏத்துக்கலன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டாராம்.

“ஒரு நிமிஷம்கூட நிக்காது அண்ணே” என்றேன். மனதுக்குள் விசில் அடித்தேன்.

மரத்துக்கு எதிரே திரை கட்டினேன். மரத்து அம்மாவுக்கும் அவள் தோழிகளுக்கும் முன்வரிசையில் காலி நாற்காலிகள். எங்கள் வழக்கம் அது, அதில் மனிதர்கள் உட்காரக் கூடாது. ஒவ்வொரு நாற்காலியிலும் சிவப்பு சோடா, ஸ்ட்ரா போட்டு. ஓசிப் படம் என்றதும் ஊரே பாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. கறிக்கடைக்காரி சுட்ட கணவாய் மீனை மென்றுகொண்டு முதல் பாயிலேயே இருந்தாள். நான் நடு நாற்காலிக்கு மட்டும் இன்னொரு சோடா வைத்து, “உங்க பேரச் சொல்லிக் கொஞ்சம் விளையாடப்போறேன். கண்டுக்காதீங்கம்மா” என்று கும்பிட்டேன்.

படம் ஓடியது. பிம்லதா சிரித்தாள், அழுதாள், செத்தாள். கழிவறைக் கதவு கிரீச் என்று திறந்தது. நான் வெளியே வரவேண்டிய நேரம். கால் கட்டைவிரலால் ஒயரை ஒரு இழுப்பு இழுத்தேன். பொக்கென்று இருட்டு.

“அய்யோ!” என்றது ஊர். ஜே சியூவின் பார்வை வொரபோட் மேல் திரும்பியது.

“வண்டி பழசு ஜே, அதான்” என்று அவர் வழிந்தார்.

“வண்டி நல்லாத்தான் இருக்கு அண்ணே” என்றேன், ரொம்பப் பணிவாக. “பேய் வர்ற எடத்துல சரியா நிக்குது. எனக்கே கை நடுங்குது.”

மறுபடி போட்டேன். கதவு திறந்தது. கட்டைவிரல். இருட்டு. இந்தத் தடவை கணவாய் மெல்லுவதுகூட நின்றுவிட்டது. வொரபோட்டின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஜே சியூ எழுந்தார். நேர்த்திக்கடன் விஷயத்தில் அந்த அம்மாள் வக்கீலைத் தூக்கிச் சாப்பிடுவார். “தம்பி, வேண்டிக்கிட்டப்ப என்ன சொன்ன? வார்த்தைக்கு வார்த்தை சொல்லு.”

“முழுப் படமும் காட்டுறேன்னு சொன்னேன்...”

“அப்புறம்?”

“அவ்ளோதான் ஜே.”

நான் இருட்டுக்குள்ளிருந்து மெதுவாக இருமினேன். மரத்தில் ஏதோ ஒரு பறவையும் சிறகடித்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. மனிதர் ஆடிப்போய்விட்டார்.

“உழைச்சவங்க... ஒருத்தர் பேர் விடாம ஓடும்னு சொன்னேன் ஜே.”

“யார விட்ட?”

“ஒரே ஒருத்தரத்தான்... பேயா நடிச்ச பொண்ண. விளம்பரத்துக்காக.”

“அட பாவி! பேய்ப் படம் எடுத்து, பேயையே ஏமாத்துனியா? அதான் அந்த எடத்துலயே நிக்குது! மைக்கப் புடி. அந்தப் பொண்ணு பேர அம்மாகிட்டச் சொல்லி மன்னிப்புக் கேளு. முழுப்பேரு, குடும்பப் பேரு, ஊரு எல்லாம். அரகொறையாச் சொன்னா யாரச் சொல்றன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

வொரபோட் மைக்கைப் பிடித்தார். “பேயா நடிச்ச பொண்ணு...” என்று இழுத்தார்.

“பேரு என்னடா?”

“...பேய்” என்றார்.

ஒலிபெருக்கியில் அது ஊர் முழுக்கக் கேட்டது. யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதம் அவருக்காகத் தொங்கியிருக்கிறேன், அந்த மனிதருக்கு என் பெயர் நிஜமாகவே தெரியாது!

“நான் சொல்றேன்” என்று எழுந்தேன். ஜெனரேட்டர் விளக்கு என் முகத்தில் விழுந்தது. சவுரி இல்லாத குறைக்கு என் சொந்த முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, படத்தில் நடப்பதுபோலவே ஒரு தோளைச் சாய்த்து ஒரு காலை இழுத்து இழுத்து அவர் பக்கமாக நடந்தேன்.

வொரபோட் வீறிட்டார். சும்மா இல்லை, மைக்கோடு வீறிட்டார். அவர் படத்தில் ஒருவரும் அவ்வளவு நன்றாக வீறிட்டதில்லை.

“எழுதிக்கோங்க அண்ணே” என்றேன். “நுவன்லா-ஓ சிபுன்ருவாங். பாக் சோங் ஊரு. வீட்ல ‘தும்’னு கூப்பிடுவாங்க. நீங்க அப்படிக் கூப்பிட வேணாம்.”

அவர் மரத்தைப் பார்த்து முழங்காலிட்டுச் சொன்னார். “பேயா நடிச்சது நுவன்லா-ஓ சிபுன்ருவாங், பாக் சோங் ஊர்க்காரங்க. அவங்க பேர மறைச்சது என் தப்பு. மன்னிச்சுடுங்கம்மா.” கறிக்கடைக்காரி வாயைப் பிளந்தாள். அந்த வாய்க்குள் கணவாய்த் துண்டு அப்படியே இருந்தது. அவள் என் அம்மாவிடம் போய்ச் சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் கட்டைவிரலைச் செருப்புக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டேன். படம் கடைசி எழுத்து வரை ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.

கூட்டம் கலைந்தது. ஜெனரேட்டரை நிறுத்தினேன், ஒயரையெல்லாம் கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டேன். அப்போது ஜே சியூ என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்னா நடை! எனக்கே குலை நடுங்கிப்போச்சும்மா. ரெண்டாம் பாகத்துல பேய்தான் கதாநாயகி. போஸ்டர் முழுக்க நீதான். உன் பேரு எல்லாத்துக்கும் மேல. என்ன சொல்ற?”

போஸ்டர் முழுக்க நான்! வாயெல்லாம் பல்லாக, ‘சரி’ என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

கரண்டே இல்லாத ஒலிபெருக்கியில் ஒரு பெண் தொண்டையைச் செருமினாள்.

பலமாகக்கூட இல்லை. மறந்துபோன மருமகளுக்கு மாமியார் ஞாபகப்படுத்துவாளே, அந்த மாதிரி ஒரு ‘ம்க்கும்’. ஜே சியூவுக்குக் கேட்கவில்லை, வொரபோட்டுக்குக் கேட்கவில்லை. எனக்கு மட்டும் கேட்டது. என் தோளில் ஒயர் சுருள் கனத்தது. நடு நாற்காலியில் நான் வைத்த இரண்டு சோடாவும் காலியாக இருந்தன.

‘ஜென்மத்துக்கும் போட மாட்டேன், சத்தியம்.’

அட கடவுளே. மரத்து அம்மா என் பெயரை ஊரறியச் சொல்ல வைத்துவிட்டாளே! வேண்டியபடி எழுத்துக்கு எழுத்து செய்துவிட்டு இப்போது என் முறைக்காகக் காத்திருக்கிறாள். கடனை முடிக்காத மனிதரை இத்தனை நேரம் ஆட்டிவைத்தவள் நான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவளிடம் மாட்டேன் என்பது?

“பேய் வேஷம் வேணாம் ஜே” என்றேன். அழுகையே வந்துவிட்டது. “வேற எதுவா இருந்தாலும் சரி.”

வொரபோட் என்னை மேலும் கீழும் பார்த்தார். பயம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. “பேய் கொல்ற முதல் பொண்ணு வேஷம் இருக்கு... நுவன்லா-ஓ. சின்ன வேஷந்தான்.”

முழுப்பெயரைச் சொல்லியே கூப்பிட்டார். எடுத்துக்கொண்டேன்.

இப்போது படப்பிடிப்பு நடக்கிறது. மடிப்புக் கலையாத சீருடையும் இரட்டைப் பின்னலுமாக நான் அழகாகச் செத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கே வீட்டுக்குப் போய்விடுகிறேன். போஸ்டர் முழுக்க வரப்போகிற பேய் வேஷத்துக்குப் பிம்லதா போட்டி போட்டுச் சேர்ந்தாள். நேற்று அவளைக் கூரையில் ஏற்றினார்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டே, “அக்கா, இந்த ரப்பர் இப்படி அரிக்குதே, நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று கெஞ்சினாள்.

“மரத்தடியில போய் வேண்டிக்கோ” என்றேன். “ஆனா வார்த்தையப் பாத்து விடு.”