டூட்டி முடிந்த பிறகு அரை மணி

காலை எட்டு மணிக்கே ஆம்புலன்சை அடுத்த ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டாலும், மகள் கலைமதி வீடு வந்து சேர எட்டரைக்குப் பதில் ஒன்பதாகிறது என்பதைத் தீர்த்தகிரி ஒரு மாதமாகக் கவனித்து வந்தார். கேட்கவில்லை. கேட்பது அவர் வழக்கமல்ல. நேற்று பால் சொசைட்டியில், நாலு பேர் முன்னால் பால் வண்டிக்காரன் மாது வாயைத் திறந்தான்.

“மாமா, பாப்பாரப்பட்டி டீக்கடையில நம்ம கலைமதியும் அந்த டிரைவரும் தெனமும் உக்காந்து பேசுறாங்களாமே. வண்டியில பேசுனது பத்தலைங்களா?”

தீர்த்தகிரி கேனை மூடினார். தன் குடும்பத்தைப் பற்றி இதுவரை யாரும் இப்படிப் பல்லைக் காட்டிப் பேசியதில்லை. மகளை வேலையை விடச் சொல்லிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தார்.

இன்று சலவை வேட்டி கட்டிக்கொண்டு பாப்பாரப்பட்டியில் போய் இறங்கினார். டீக்கடைப் பெஞ்சில் இருவரும் சாலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். டீயில் ஆடை படிந்திருந்தது. அவர் பின்னால் வந்து நின்றதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

“மொதல்ல இருந்து சொல்லு. எதையும் வுடாத,” என்றான் டிரைவர் ஃபிராங்க்ளின்.

“மலையில ரெண்டாவது வளைவுல கொழந்த பொறந்துச்சு. அழுவல. முதுகத் தேச்சேன். மூச்சு குடுக்குற பலூன அமுக்கிக்கிட்டே வந்தேன். ஆஸ்பத்திரியில டாக்டர்தான் போதும்மான்னு என் கையப் புடிச்சு எடுத்து வுட்டாரு.”

“நீ என்ன தப்புப் பண்ணுன?”

கலைமதி குனிந்து தன் கைகளைப் பார்த்தாள்.

“இதையெல்லாம் வூட்டுல சொல்றதுதானே?” என்றான் அவன்.

“எங்கப்பாகிட்டயா? நம்ம வூட்டு ஆளுங்க அழுவறதில்லைம்பாரு.”

அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். போன மாதம் வரை வேலை முடிந்து வந்தால் அவள் தட்டில் சோற்றைப் பிசைந்தபடி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த ஒரு மாதமாகத்தான் சாப்பிடுகிறாள். அதையும் அவர் கவனித்திருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

ஃபிராங்க்ளின் திரும்பிப் பார்த்துச் சட்டென்று எழுந்தான். “ஐயா, வாங்க. பார்த்தத வூட்டுக்குக் கொண்டு போவாம இங்கயே பேசி எறக்கி வைக்கச் சொல்லி டிரெய்னிங்ல…”

“உக்காருப்பா. அவ இன்னும் முடிக்கல.”

கலைமதி தலை நிமிரவில்லை. தீர்த்தகிரி இன்னொரு பெஞ்சை இழுத்துக் கடைக்கு முன்னால், நட்டநடுவில் போட்டார். அவர்களுக்கு முதுகு காட்டி, சாலையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். மாது பால் கேன்களோடு வண்டியில் வந்தவன் வேகத்தைக் குறைத்தான். அவர் கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்தார். அவன் போய்விட்டான்.

பின்னால் மகளின் குரல் மறுபடியும் அந்த மலைப்பாதையில் ஏறத் தொடங்கியது.