இரண்டு ஸ்பேடுக்குப் பிறகு

"சார், எனக்கு வேற பார்ட்னர் வேணும்."

மேனேஜரிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று டைப்பிஸ்ட் அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். என் பார்ட்னரே அவர்தான். கம்பெனியின் பிரிட்ஜ் சீட்டாட்ட அணிக்கு ஆள் எடுப்பவரும் அவர்தான். அணியில் நிலைத்தால் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அவர் சீட்டுக்கட்டை மேசையில் தட்டினார். "இந்த ஆட்டம் தோத்தது உன்னால. மாத்த வேண்டியது என்னையா?"

"ஏலத்துல நான் ரெண்டு ஸ்பேடு கேட்டேன். ஆறு ஸ்பேடு இருக்கு, மத்தபடி சொத்தைக் கைன்னு அர்த்தம். அதுக்கு மேல முடிவு உங்களோடது. எதிரணி மூணு கிளப் கேட்டதும் நீங்க நாலு ஸ்பேடு கேட்டிருக்கலாம். பலமான கை உங்ககிட்டதானே இருந்துச்சு?"

"அதான் அவ்வளவு நேரம் யோசிச்சேனே. கண்ணாடியக்கூட கழட்டித் துடைச்சேன். அப்புறம்தானே பாஸ் சொன்னேன்? மரமண்டை, புரியல?"

புரிந்தது. புரிந்ததால்தான் நானும் பாஸ் சொன்னேன். பிரிட்ஜில் பார்ட்னரோடு ஏலத்தால் மட்டுமே பேசலாம். அவர் நேரத்தை இழுப்பதைப் பார்த்து நான் மேலே கேட்டால் அது திருட்டு. அதோடு, ஏலம் சொதப்பினால் பழி என் தலையில் விழும். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

பக்கத்து மேசையிலிருந்து அக்கவுண்டன்ட் சிரித்தார். "விடும்மா. நீ ஒருத்தி யோக்கியமா இருந்துதான் உலகம் சுத்தணுமா?"

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஃபைனல். நான் இழுத்தா நீ மேல கேளு. பெர்மனன்ட் ஆர்டர் உன் கைக்கு வந்துரும். படிச்ச பொண்ணுதானே நீ?"

படித்த பெண்தான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கிடங்கில் மூட்டை தூக்கியே தோள் செத்துப்போன அப்பா, "இனி பெரியவ பாத்துப்பா" என்று வேலையை விட்டுவிட்டார். தங்கைக்கு இது கடைசி வருஷம். வேறு வேலைக்காக நான் ஏறாத படி இல்லை. எல்லா இடத்திலும் இல்லை என்ற ஒரே பதில். சீட்டு விளையாட்டில் நேர்மையாக இருந்தேன், வேலை போய்விட்டது என்று சொன்னால் அப்பா என்னை அடிக்கமாட்டார். புரியாமல் பார்ப்பார். அதைத்தான் தாங்க முடியாது.

"என்ன, கேப்பியா?"

"நாளைக்கு வேற யாரையாவது உக்கார வைங்க சார்."

"வெளிய போனா திரும்பி வர முடியாது."

"தெரியும்."

பையை எடுத்துக்கொண்டேன். டைப்பிஸ்ட் அக்கா என் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கி வழிவிட்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தேன்.