வார்னிஷ் போடாத மோட்டார்

1979 நவம்பர். தாம்பரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், புதிதாக வந்த ப்ளஸ் டூவில் தொழிற்பிரிவு ஆரம்பித்து, மோட்டாருக்குள் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாம் வருஷம் ஒரு மாதம் ஏதாவது பட்டறையில் வேலை பார்த்து, முதலாளியிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அது இல்லையென்றால் செய்முறைத் தேர்வுக்கு விடமாட்டார்கள்.

அப்படித்தான் ஹில்டா பம்மலில் சின்னப்பனின் மோட்டார் பட்டறைக்கு வந்தாள். ரயில்வே குமாஸ்தா மகள், பதினேழு வயது. நான் அங்கே ராத்திரி ஷிப்டு. ஒன்பதாவதோடு நின்றவன், பள்ளிக்கூடம் தொழில் கற்றுக்கொடுக்கும் என்று நம்பாதவன். ஆனால் வேலையில் அவள் கை சுத்தம். பழைய கம்பியை வெட்டும் முன் எத்தனை சுற்று, எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்கு என்று நோட்டில் படம் போட்டுக்கொள்வாள். முதல் வாரம் சின்னப்பன் அதைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாவது வாரம் அந்த நோட்டை அவரே கேட்டு வாங்கினார்.

கடைசி வாரம், தோல் பதனிடும் ஷெட்டிலிருந்து வந்த மோட்டார் ஒன்றை முழுக்க அவளிடமே விட்டார். கட்டினாள், மூடினாள், ஓட்டிக் காட்டினாள். மூன்று பேஸ் கம்பியிலும் கரண்ட் சமம். சாயங்காலமே மீன்பாடி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் சின்னப்பன் கம்பி வாங்கப் பாரிமுனைக்குப் போனார். திரும்பி வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். அதற்கு அடுத்த நாள் நாலு மணிக்குள் படிவம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் பட்டறையில் காயிலுக்குள் ஈரம் ஏறாமல் வார்னிஷ் போடுவது ராத்திரி வேலை. பகலில் கட்டியதை மூடாமல் மேஜையில் விட்டுப் போவார்கள். நான் முக்கி எடுத்து, பல்பு எரியவிட்டு அந்தச் சூட்டில் விடியும்வரை காயவைப்பேன். மழைக்குப் புகைந்த மோட்டார்கள் குவிந்துவிட்டதால், சின்னப்பன் பாரிமுனை போன அன்று பகலிலும் நின்றேன். நான் ஒன்றை வார்னிஷ் தொட்டியில் இறக்குவதைப் பார்த்து ஹில்டா பக்கத்தில் வந்தாள். எல்லா மோட்டாருக்கும் இப்படித்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முந்தைய நாள் அனுப்பிய மோட்டாருக்கு அவள் வார்னிஷ் போடவில்லை என்பது முகம் போன போக்கில் புரிந்தது.

"புக்குல ஒரு வரி இருக்குண்ணா. ஸ்கூல்ல போட்டதே இல்ல. நாப்பது பேருக்கு ஒரு மோட்டார். வார்னிஷ் போட்டா அடுத்தவங்க பிரிக்க முடியாது."

வார்னிஷ் இல்லாத காயிலும் ஓடும்; மூடிவிட்டால் வெளியே தெரியாது. ஆனால் தோல் ஷெட்டில் எந்நேரமும் தண்ணீர். ஈரம் ஏறினால் இரண்டு மூன்று வாரத்தில் புகையும். நான் உள்ளதைச் சொன்னேன்: கையெழுத்தை முதலில் வாங்கு. மழைக்காலத்தில் மோட்டார் புகைந்தால் எவனும் காரணம் கேட்கமாட்டான்.

"நான் கேப்பேன்ல" என்று குடையை எடுத்தாள். மோட்டாரை அவளால் தூக்க முடியாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

ஷெட்டில் சாலமோன் மேஸ்திரி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மோட்டார், தோல் ஊறும் பெரிய மரப்பீப்பாயைச் சுழற்றிக்கொண்டிருந்தது. வார்னிஷ் விட்டுப்போனதைச் சொல்லி மோட்டாரை நிறுத்தச் சொன்னாள் ஹில்டா.

"நல்லா தானம்மா ஓடிக்கினு கீது. எதுக்கு நிறுத்தணும்?"

"இப்ப நிறுத்தினா ஒரு நாள் போகும் சார். புகைஞ்சா ஒரு வாரம் போகும். உள்ள இருக்கற தோலும் போகும்."

கட்டினவனைக் கூட்டி வரச் சொன்னார் மேஸ்திரி.

"கட்டினது நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பீப்பாயில் இருக்கும் தோல் முடிய ஒரு மணி நேரம் ஆகும், அதன்பின் கழற்றிக்கொள் என்றார். அந்த ஒரு மணி நேரமும் அவள் நகரவில்லை. அடிக்கடி புறங்கையை மோட்டார்மேல் வைத்துச் சூடு பார்த்தாள்.

சாயங்காலம் சின்னப்பன் வந்தபோது மோட்டார் பட்டறையில் பிரிந்து கிடந்தது. அவர் கேட்கும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"தப்பு பண்ணதும் இல்லாம ஊரெல்லாம் சொல்லிக்கினு வந்தியா? எம் பேரு இன்னாத்துக்கு ஆவுறது?" என்றார். மோட்டார் திரும்பிப் போய் ஓடாமல் பேனாவைத் தொடமாட்டேன் என்றும் சொன்னார். அவள் தொட்டியை எங்கே வைக்கட்டும் என்று மட்டும் என்னைக் கேட்டாள்.

மறுநாள் காலை காய்ந்த காயிலை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு அவளே மூடினாள். பதினோரு மணிக்கு ஷெட்டில் பூட்டியாயிற்று. சின்னப்பன் தானே வந்து, பீப்பாய் ஒரு சுமைத் தோலை முடிக்கும்வரை நின்றார். முடியும்போது மணி இரண்டே முக்கால். படிவத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"பரீட்ச முடிஞ்சதும் வந்துடு. ஆள் வேணும்."

ஹில்டா படிவத்தை நாலாக மடிக்காமல் நோட்டுக்குள் தட்டையாக வைத்தாள்.

"நான் கட்டுறத நானே பாத்துத்தான் வெளிய அனுப்புவேன். அதுக்குச் சம்மதம்னா வரேன் சார்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அவள் பதிலுக்கு நிற்கவில்லை. தாம்பரம் பஸ் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது; அதைப் பிடிக்க ஓடினாள்.