வாளைக் குழம்பும் மூடிய கதவும்

1

இந்தக் கதை ஒரு தும்மலில் பிறந்தது. என் மனைவி ஓக்-பூன் மிளகாய்த்தூள் டப்பாவை மேல் தட்டில் வைப்பாள். அவள் இறந்த பிறகு அதை இன்று காலைதான் திறந்தேன். ஏழு முறை தும்மினேன். அடுப்பு எரியும்போதே நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதத் தொடங்கினேன்.

[தோங்யோங் துறைமுகத்தில் மழை பெய்த ஒரு காலை...]

மழை பெய்யவில்லை. வரியை அடித்துவிட்டேன்.

[அவள் சமையல் என்பது ஒரு...]

வேண்டாம். இருந்தால் படித்துவிட்டுச் சிரிப்பாள்.

2

சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். இன்று அவளுடைய முதல் திதி. எங்கள் வழக்கப்படி படையலில் மிளகாயும் பூண்டும் கூடாது. அந்த நெடிக்கு ஆவி அண்டாது. செதில் இல்லாத மீனும் கூடாது. அவளுக்கு உயிரே வாளை மீன் குழம்புதான். வாளைக்குச் செதில் கிடையாது. மிளகாய் போடாவிட்டால் அது அவள் குழம்பும் கிடையாது.

அடியில் தடித்த முள்ளங்கி வில்லைகள், மேலே மீன், அரிசி கழுவிய நீர். மிளகாய் எவ்வளவு என்று ஒருமுறை கேட்டேன். "உங்களுக்கு மூக்கு எதுக்கு இருக்கு?" என்றாள். கைவசம் உள்ள செய்முறை அவ்வளவுதான்.

3

போங்-சன் அக்கா, என் உடன்பிறந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடா நெடி இது?"

"வாளை."

"படையலுக்கா? புத்தி கெட்டுப் போச்சா? அவ படியேற மாட்டாடா."

"ஆயுசு பூரா இந்த நெடியிலதானே நின்னா."

"அது உசுரோட இருக்கறப்ப. நான் சங்கரா அவிச்சுக் கொண்டாந்திருக்கேன், வெள்ளையா."

"அவளுக்குச் சங்கரா பிடிக்காது."

"என் வீட்டுல மூணு துண்டு தின்னாளே."

"உனக்குப் பயந்து தின்னா."

(அக்காவை இந்தக் கதையின் வில்லியாக்கத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தச் சங்கராவை இரண்டு மணி நேரம் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பாவாடையில் ஈரம். இந்த வேடம் அவளுக்குப் பொருந்தவில்லை.)

அக்கா மூடியைத் திறந்தாள். கரண்டியை நக்கிப் பார்த்தாள்.

"அவ கையில இனிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும்," என்று சொல்லிச் சர்க்கரை போட்டாள். பிறகு, "ரெண்டையும் வை. ஆனா ஒண்ணு, அவ வராமப் போனா அது உன்னாலதான்."

அந்தக் கடைசி வரியை எழுதாமல் விட்டிருக்கலாம். முடியவில்லை.

4

சாயங்காலமே படைத்துவிட்டோம். சங்கராவின் தலை கிழக்கே. வாளைக்கு எந்தத் திசை என்று விதியில் இல்லை. அவள் உட்காரும் பக்கமாக வைத்தேன்.

முடிவுகள் மூன்று யோசித்திருந்தேன்.

அ. குழம்பில் ஒரு முள்ளங்கி குறைந்திருக்கிறது.
ஆ. சங்கராவில் மூன்று துண்டு குறைந்திருக்கிறது. அக்காவுக்குத்தான் வெற்றி.
இ. இரண்டும் வைத்தபடியே

[இதை முடிக்கமாட்டேன்.]

சோற்றில் கரண்டியைச் செருகியதும் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். ஒன்பது வாய்ச் சோறு உண்ணும் நேரம் வரை. வந்தவர் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது. எழுதுகிறவனுக்கும் விலக்கு இல்லை. அதனால் கதை இப்போது கதவுக்கு வெளியே நிற்கிறது.

"போதும்டா, இருமு," என்கிறாள் அக்கா.

மூன்று முறை இருமிவிட்டுத்தான் திறக்க வேண்டும். எனக்குத் தொண்டை அடைத்திருக்கிறது. மிளகாய் நெடி என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் இருமுங்கள்.