காலிச் சீட்டுக்கு வந்த கல்யாண வாழ்த்து

1

இந்தக் கதை என் அம்மாவின் வாட்ஸாப்புக்கு வந்தது. நான் கற்பனை செய்யவில்லை. அந்த அளவுக்கு எனக்குத் திறமை போதாது. அப்பா செத்துப் போயிருந்தார். காரியச் சாப்பாட்டுக்கு எங்கள் வலியசாலைத் தெரு நாகேஸ்வரனின் சமையல் குழுவிடம் சொல்லியிருந்தோம். மறுநாள் காலை வந்த செய்தி இது:

"வணக்கம்! உங்கள் இல்லத் திருமணத்துக்கு எங்கள் இனிய வாழ்த்துகள். மணமக்களின் பெயரையும் பாயச விருப்பத்தையும் இந்த எண்ணுக்கு அனுப்பவும்."

கீழே ஒரு நாதஸ்வரப் படம்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"ஏண்டா, உனக்கா கல்யாணம்? அப்பா இருக்கறச்சயே சொல்லியிருந்தா மனுஷன் சந்தோஷமாப் போயிருப்பாரே."

நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள். பெங்களூரிலிருந்து வந்திருந்த அண்ணன் மஹேஷ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் மேனேஜர்.

முதலில் வேறு தொடக்கம் எழுதியிருந்தேன்: "வலியசாலைத் தெருவில் மழை ஓய்ந்த ஒரு காலையில், மரணத்தின் நீண்ட நிழல்—"

நிழலாவது மண்ணாங்கட்டியாவது. மழையே பெய்யவில்லை. அடித்துவிட்டேன். அடித்ததை உங்கள் கண்ணில் படும்படி விட்டும் வைத்திருக்கிறேன். எதிலிருந்து உங்களைக் காப்பாற்றினேன் என்று தெரிய வேண்டாமா?

2

இங்கே கொஞ்சம் விளக்கம். அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போகலாம். பிறகு என்னிடம் வந்து புரியவில்லை என்று சொல்லக்கூடாது.

பத்மஜா நாகேஸ்வரனின் தம்பி மகள். பி.காம். முடித்துவிட்டுப் பெரியப்பாவின் தொழிலுக்குள் நுழைந்தவள். அந்தச் சமையலறையில் அதற்கு முன் பெண்கள் கிடையாது. அப்பளம் பொரிப்பதுகூட ஆண்கள்தான். அவள் சாமான் அறையில் ஒரு டிவியை மாட்டி, அதில் ஓர் ஆன்லைன் ஒயிட்போர்டைத் திறந்து வைத்தாள். ஓர் ஆர்டருக்கு ஒரு சீட்டு: பெயர், ஃபோன், தேதி, எத்தனை இலை, என்ன விசேஷம். குழுவில் யார் வேண்டுமானாலும் தன் ஃபோனிலிருந்தே சீட்டு ஒட்டலாம்.

போர்டில் புதுச் சீட்டு விழுந்ததும் ஓர் ஆட்டோமேஷன் அதை எடுத்து டேட்டாபேஸில் ஒரு வரியாகப் போட்டுவிடும். வரி விழுந்ததும் இன்னொன்று வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பும். ப்ரோக்ராம் எழுதத் தெரிய வேண்டாம். "இது நடந்தால் அதைச் செய்" என்று பெட்டிக்குப் பெட்டி கோடு இழுத்தால் போதும். டெக்னோபார்க்கில் ஓர் ஐ.டி. கம்பெனியில் ராத்திரி ஷிஃப்டில் நானும் இதே பெட்டிகளுக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்துவிட்டுப் பாதியில் ஓடி வந்தவன்.*

நாகேஸ்வரன் எங்களுக்காக ஒட்டிய சீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. 'விசேஷம்' என்ற இடம் மட்டும் காலி. அவர் மறக்கவில்லை. சாவுச் சாப்பாட்டை அவர்கள் எழுதுவதே இல்லை. எழுதினால் கூப்பிட்டது போலாகிவிடும். கல்யாணம், சீமந்தம், பூணூல் எல்லாம் எழுத்தில். சாவுக்கு மட்டும் ஒரு காலியிடம், ஒரு தலையாட்டல். அடுப்பு மூட்டுகிறவருக்குக்கூட அந்தக் காலியிடத்தைப் படிக்கத் தெரியும்.

ஆட்டோமேஷனுக்குத் தெரியாது. 'காலியாக வந்தால் என்ன போடட்டும்?' என்று அது தொடக்கத்திலேயே கேட்டிருக்கிறது. பத்மஜா 'திருமணம்' என்று சொல்லி வைத்திருந்தாள். வருகிற ஆர்டரில் முக்கால்வாசி அதுதானே.

* ஏன் ஓடி வந்தாய் என்று கேட்காதீர்கள். அது வேறு கதை. அதில் யாருக்கும் சாப்பாடு கிடையாது.

2 (மறுபடியும்)

மஹேஷ் ஃபோனில் கத்திய கத்தலில் நாகேஸ்வரனும் பத்மஜாவும் நேரிலேயே வந்துவிட்டார்கள். இங்கேதான் எனக்குப் பத்மஜா மேல் சந்தேகம் வந்தது. "அவள் கண்களில் நீர் தளும்பியது" என்று எழுதினேன். தளும்பவில்லை. எங்கள் வீட்டு ஃபேன் ஏன் இப்படிக் கத்துகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படிப்பட்ட பெண்ணை வைத்துக்கொண்டு வாசகரின் இரக்கத்தை எப்படிச் சம்பாதிப்பது?

"க்ஷமிக்கணும் மாமி," என்றார் நாகேஸ்வரன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எங்கள் தெருவின் மலையாளம் கலந்த தமிழில். "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு நாணக்கேடு வந்ததில்லை, கேட்டேளா. அந்த போர்டை இன்னிக்கே கழட்டிடறேன். இவளையும் எர்ணாகுளத்துக்கு அனுப்பிடறேன். அங்க ஒரு இன்ஷுரன்ஸ் ஆபீஸ்ல வேலை ரெடியாக்கும்."

"அனுப்பிடுங்கோ," என்றான் மஹேஷ். "ஒரு ப்ராசஸே இல்லை."

"ப்ராசஸ் எல்லாம் இருந்தது, மஹேஷண்ணா," என்றாள் பத்மஜா. "காலியா வந்தா கல்யாணம்னு வெச்சது என் தப்பு. சம்மதிச்சேன். காலியா விட்டது ஆரு?"

"அதைப் போய் யாராவது எழுதுவாளோடி?" என்றார் பெரியப்பா.

"எழுத வேண்டாம். வாயால சொல்லியிருக்கலாமோல்லியோ? அங்க பாத்திரம் தேய்க்கறவாளுக்குக்கூட அறியும். எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லலை."

"பொண்கொழந்தை கிட்ட சாவு விஷயம் பேசுவாளோ?"

"அப்போ பொண்கொழந்தை கிட்ட போர்டை ஏன் கொடுத்தேள்?"

நாகேஸ்வரன் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். மற்ற நாளாக இருந்தால் இந்த இடத்தில் அம்மா காப்பி கொடுத்துக் கதையைக் காப்பாற்றியிருப்பாள். தீட்டு வீட்டில் யாரும் குடிக்க மாட்டார்கள்.

"இப்போ மாத்திட்டேன் மாமி," பத்மஜா அம்மாவிடம் சொன்னாள். "இனி காலியா வந்தா ஒரு மெசேஜும் போகாது. எனக்கும் பெரியப்பாவுக்கும் மட்டும் ஃபோன் அடிக்கும். ரெண்டு பேர்ல ஒருத்தர் நேர்ல கூப்பிட்டுப் பேசுவோம். டெஸ்ட் பண்ணியாச்சு."

"யார் பேரை வெச்சுடி டெஸ்ட் பண்ணினே?" என்று கேட்டாள் அம்மா.

"பெரியப்பா பேரைத்தான்."

"சிவ சிவா!" என்றார் நாகேஸ்வரன். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் அவர் பொறுப்பை எங்கள் மடியிலேயே இறக்கினார். "உங்க ஆத்துக்குத்தான் அபத்தம் பண்ணினது. நீங்க சொல்றபடி. வேண்டாம்னா போர்டும் வேண்டாம், இவளும் வேண்டாம்."

அம்மா என்னைக் காட்டினாள். "இவன்தான் ராத்திரியெல்லாம் முழிச்சு இந்த எழவையே பண்ணிண்டிருந்தவன். இவன் சொல்லட்டும்."

"பதிமூணாம் நாள் சொல்றேன்," என்றேன். ஒத்திப்போடுவது ஒன்றுதான் நான் முழுதாகக் கற்றுத் தேர்ந்த வித்தை.

4

[மூன்றாம் பகுதி அப்பாவைப் பற்றியது. எடுத்துவிட்டேன். அவர் நல்லவர் என்று எழுதினால் பொய், கெட்டவர் என்று எழுதினால் அம்மா படிப்பாள்.]

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

அ. நான் வேண்டாம் என்கிறேன். பத்மஜா எர்ணாகுளம் ரயிலில் ஏறுகிறாள். போர்டு இருந்த டிவியில் சீரியல் ஓடுகிறது. நாகேஸ்வரன் நிம்மதியாகத் தூங்குகிறார். இது நடக்கக்கூடியது. அதனாலேயே எனக்கு எழுதக் கை வரவில்லை.

ஆ. நான் இருக்கட்டும் என்கிறேன். நாகேஸ்வரன் மனம் மாறி, தன் கையாலேயே ஒரு சீட்டில் 'சாவு' என்று கொட்டை எழுத்தில்— இல்லை. அவர் எழுத மாட்டார். எழுதினால் அவர் நாகேஸ்வரன் இல்லை, நான் சாவி கொடுத்த பொம்மை.

இ. பத்மஜாவும் நானும்— வேண்டாம். அம்மா படிப்பாள் என்று இப்போதுதான் சொன்னேன்.

நான் நடுநிலைமையானவன் என்று நினைக்காதீர்கள். அந்தத் தவறான செய்திக்குத்தான் இந்த வீட்டில் இரண்டு பேர் சிரித்தோம். துக்கம் கேட்க வந்தவர்கள் யாராலும் எங்களைச் சிரிக்கவைக்க முடியவில்லை. ஆனால் அம்மாவுக்குப் பதிலாக வேறு யாராவது, கணவனை இழந்த சின்ன வயதுப் பெண் யாராவது அதைப் படித்திருந்தால்? அதையும் யோசித்தேன். யோசித்து ஒரு பயனும் இல்லை. இரண்டும் உண்மை.

5

பதிமூன்றாம் நாள். இலை போட்டாயிற்று. நான் மஹேஷுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நாகேஸ்வரனே பாயசத் தூக்குடன் வருகிறார். பத்மஜா இரண்டு இலை தள்ளி, தூணில் சாயாமல் நேராக நிற்கிறாள். இந்தப் பந்தி முடிந்ததும் எர்ணாகுளத்துக்கு ஃபோன் செய்து வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்ல வேண்டியவள்.

நாகேஸ்வரன் என் இலைக்கு மேல் குனிகிறார். கரண்டி பாதியில் நிற்கிறது.

"என்னடாப்பா, தீர்மானிச்சயா?" மெதுவாகக் கேட்கிறார், ரகசியம் போல.

"சொல்லேண்டா," என்கிறான் மஹேஷ்.

இங்கே நான் எழுந்துகொள்கிறேன். பந்தியில் பாதியில் எழுந்திருக்கக்கூடாது என்று தெரியும். என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். போர்டு இருக்கலாம் என்று சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர் கேட்டது போல முணுமுணுக்க வேண்டாம். தொண்டையைத் திறந்து சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தையாவது அவள் காதுபட யாராவது பேசட்டும்.